ஒற்றை இடைவழியில் ஒரு பெருங்கடல்: குறுகிய உடல் விமானங்களின் அட்லாண்டிக் வரலாறு

2024 நவம்பர் 14 அன்று மாட்ரிட்டிலிருந்து பாஸ்டனுக்கு ஐபீரியா நிறுவனத்தின் விமானம் ஒன்று புறப்பட்டது. இரண்டே என்ஜின்கள், நடுவில் ஒரே ஒரு இடைவழி, 182 இருக்கைகள். ஐரோப்பிய நகரங்களுக்கிடையே இரண்டு மணி நேரப் பயணங்களுக்கு ஓடும் ஏர்பஸ் ஏ321 குடும்பத்தைச் சேர்ந்த விமானம் அது. ஆனால் அன்று அது எங்கும் இறங்காமல் சுமார் 5,500 கி.மீ. கடந்து அட்லாண்டிக்கின் மறுகரையைத் தொட்டது. ஏ321 எக்ஸ்.எல்.ஆர். என்ற புதிய வகையின் முதல் அட்லாண்டிக் பயணிகள் சேவை என்பதால் விமானத் துறை அதைக் கவனித்துப் பார்த்தது.

சிறிய விமானம் அட்லாண்டிக்கை ஒரே மூச்சில் தாண்டுமா என்ற கேள்விக்கு இதுதான் முதல் விடை என்று பலரும் எண்ணினார்கள். அந்த எண்ணம் வரலாற்றோடு ஒத்துப்போகவில்லை. அகல உடல் விமானம் பிறப்பதற்கு முன்பே ஒற்றை இடைவழி விமானங்கள் இந்தக் கடலை நிற்காமல் தாண்டிக்கொண்டிருந்தன. இடையில் அவை ஒதுங்கின. பிறகு ஒவ்வொரு படியாகத் திரும்பி வந்தன. எத்தனை பேரை ஏற்றிக்கொண்டு, எந்தத் திசையில், எந்தப் பருவத்தில், எந்தச் சட்டத்தின் கீழ் தாண்ட முடியும் என்பதைத்தான் ஒவ்வொரு காலமும் வேறுவேறு விதமாகத் தீர்மானித்திருக்கிறது. இந்தக் கட்டுரை அந்தப் படிகளைப் பின்தொடர்கிறது.

காண்டரில் நின்ற காலம்

1950களின் தொடக்கத்தில் நியூயார்க்கிலிருந்து லண்டன் செல்வோருக்குக் காண்டர் என்ற பெயர் நன்கு பழகியிருந்தது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவில் உள்ள சிற்றூர் அது. பிஸ்டன் என்ஜின் விமானங்கள் அங்கே இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு, அயர்லாந்தின் ஷானனை நோக்கிக் கிளம்பும். ஷானனுக்கும் காண்டருக்கும் இடையே சுமார் 3,200 கி.மீ. கடலின் மிகக் குறுகிய இடத்தில் எதிரெதிராக அமைந்த இரண்டு படித்துறைகள் அவை. 1947இல் ஷானன் விமான நிலையத்தில் சுங்கவரி இல்லாக் கடை தொடங்கப்பட்டதற்கும் இந்த இடைநிறுத்தமே காரணம். எரிபொருள் நிரம்பும்வரை காத்திருந்த பயணிகள்தான் அதன் வாடிக்கையாளர்கள்.

1956இல் டக்ளஸ் டி.சி. 7சி வந்தது. இறக்கையின் அடிப்பகுதியை நீட்டி, கூடுதல் எரிபொருளுக்கு இடம் செய்த விமானம் அது. இதற்கு முந்தைய விமானங்கள் கிழக்கு நோக்கிச் சில நாட்களில் நிற்காமல் போய்விடும். மேற்கு நோக்கி வரும்போது எதிர்காற்றில் எரிபொருள் தீர்ந்து காண்டரில் இறங்கிவிடும். இரு திசைகளிலும் நம்பி நிற்காமல் பறக்கலாம் என்ற நிலையை உருவாக்கியது டி.சி. 7சி. 1957 டிசம்பரில் பி.ஓ.ஏ.சி. நிறுவனம் பிரிஸ்டல் பிரிட்டானியா என்ற டர்போபிராப் விமானத்தை லண்டன், நியூயார்க் தடத்தில் விட்டது. இவை எல்லாமே ஒற்றை இடைவழி விமானங்கள். வேறு வகை அப்போது இல்லவே இல்லை.

ஜெட் காலம் பின்னடைவுடன்தான் தொடங்கியது. 1958 அக்டோபர் 4 அன்று பி.ஓ.ஏ.சி.யின் காமெட் 4 அட்லாண்டிக்கின் முதல் ஜெட் பயணிகள் சேவையைத் தொடங்கியது. நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு நிற்காமல் வந்தது. லண்டனிலிருந்து நியூயார்க் போன விமானமோ காண்டரில் இறங்கி ஏறியது. அதே மாதம் 26ஆம் தேதி பான் ஆம் நிறுவனத்தின் போயிங் 707 நியூயார்க்கிலிருந்து பாரிஸ் சென்றபோதும் வழியில் காண்டரில் நின்றது. டர்போஜெட் என்ஜின்கள் வேகத்தைத் தந்தன, ஆனால் எரிபொருளை வாரிக் குடித்தன.

1959 ஜூனில் காண்டரில் புதிய பன்னாட்டு முனையத்தை இரண்டாம் எலிசபெத் அரசி திறந்துவைத்தார். அதே ஆண்டில் கூடுதல் எரிபொருளும் பெரிய இறக்கையும் கொண்ட 707-320 சேவைக்கு வந்தது. அடுத்த ஆண்டு டக்ளஸ் டி.சி. 8இன் நெடுந்தூர வகைகளும் சேர்ந்தன. காண்டரில் நிற்க வேண்டிய தேவை சில ஆண்டுகளிலேயே குறைந்துபோனது. 1960களில் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே கோடிக்கணக்கானோரைக் கொண்டுசென்ற இந்த ஜெட்கள் அத்தனையும், இன்றைய அளவுகோலில் குறுகிய உடல் விமானங்களே. 707இன் உடல் அகலம் 3.76 மீட்டர். போயிங் 737, 757 இரண்டும் இதே அகலத்தில் கட்டப்பட்டவை. ஏ321இன் அகலம் 3.95 மீட்டர், 707ஐவிடச் சற்றுப் பெரியது.

ஒதுங்கிய இருபது ஆண்டுகள்

1970 ஜனவரி 22 அன்று பான் ஆமின் போயிங் 747 நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு முதல் சேவையைத் தொடங்கியது. இரண்டு இடைவழிகள், முந்தைய ஜெட்களைப்போல இரண்டு மடங்குக்கும் மேலான இருக்கைகள். அதன் பிறகு டி.சி. 10, டிரைஸ்டார் என அகல உடல் விமானங்கள் அடுத்தடுத்து வந்தன. ஒரு பயணிக்கு ஆகும் செலவை அவை குறைத்துவிட்டதால், பெரிய நகரங்களை இணைக்கும் தடங்களில் 707ஆலும் டி.சி. 8ஆலும் போட்டியிட முடியவில்லை. கான்கார்ட் மட்டும் தனி வழியில் போனது. 1977 முதல் 2003 வரை லண்டனிலிருந்தும் பாரிஸிலிருந்தும் நியூயார்க்குக்கு ஒலியின் வேகத்தைவிட இரு மடங்கில் பறந்த அந்த விமானமும் ஒற்றை இடைவழி விமானம்தான். சுமார் 100 பேர் அமரலாம். அதன் கட்டணம் மிகச் சிலருக்கே எட்டியது.

அந்தக் காலத்தில் சிறிய விமானங்கள் ஒதுங்கியதற்கு விலை மட்டும் காரணமல்ல. சட்டமும் குறுக்கே நின்றது. 1953 முதல் அமெரிக்காவில் ஒரு விதி இருந்தது: இரண்டு என்ஜின் கொண்ட விமானம், ஒரு என்ஜின் நின்றுபோனால் 60 நிமிடத்தில் இறங்கக்கூடிய ஒரு நிலையத்துக்கு அப்பால் போகக் கூடாது. பிஸ்டன் என்ஜின்கள் அடிக்கடி பழுதான காலத்தில் உருவான விதி அது. வட அட்லாண்டிக்கின் நடுப்பகுதி அந்த 60 நிமிட வட்டங்களுக்கு வெளியே கிடந்தது. கிரீன்லாந்து, ஐஸ்லாந்து பக்கமாக வளைந்து பறந்தால் சட்டத்துக்குள் போகலாம். அதற்கு நேரமும் எரிபொருளும் கூடுதலாகச் செலவாகும். எனவே அட்லாண்டிக்குக்கு மூன்று அல்லது நான்கு என்ஜின் வேண்டும் என்பதே நடைமுறையாக இருந்தது.

இந்தப் பூட்டு 1985இல் திறந்தது. ஜெட் என்ஜின்கள் எவ்வளவு அரிதாகப் பழுதடைகின்றன என்பதற்குப் பல ஆண்டுப் புள்ளிவிவரங்கள் சேர்ந்துவிட்டிருந்தன. 1985 பிப்ரவரி 1 அன்று டி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தின் இரட்டை என்ஜின் போயிங் 767, 120 நிமிட அனுமதியுடன் பாஸ்டனிலிருந்து பாரிஸ் சென்றது. 1988இல் 180 நிமிட அனுமதிக்கும் வழி பிறந்தது. ஈடாப்ஸ் என்று விமானத் துறையினர் சுருக்கமாகச் சொல்லும் இந்த ஏற்பாட்டின்படி, விமானத்துக்கு மட்டும் சான்று கிடைத்தால் போதாது. அதை இயக்கும் நிறுவனத்தின் பராமரிப்பு, விமானிகளின் பயிற்சி, வழியில் தயாராக இருக்கும் மாற்று நிலையங்கள் ஆகிய அனைத்தும் சோதிக்கப்படும். ஷானன், ஐஸ்லாந்தின் கெஃப்ளாவிக், காண்டர், கனடாவின் கூஸ் பே, அசோர்ஸ் தீவுகளின் லாஜஸ் ஆகியவை மாற்று நிலையங்களாக அட்லாண்டிக்கைச் சுற்றி மீண்டும் முக்கியத்துவம் பெற்றன.

767 அகல உடல் விமானம். ஆனால் அதற்குத் திறந்த கதவு, அதோடு ஒரே காலத்தில் உருவான 757க்கும் திறந்தது.

757: எதிர்பாராத கடலோடி

போயிங் 757 அட்லாண்டிக்கை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டதல்ல. 1983 ஜனவரியில் ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் அதை அமெரிக்க உள்நாட்டுத் தடங்களில்தான் இயக்கத் தொடங்கியது. சூடான, உயரமான ஊர்களின் ஓடுபாதைகளிலிருந்தும் எளிதில் எழும்ப வேண்டும் என்பதற்காக அதற்குப் பெரிய இறக்கையும் வலுவான என்ஜின்களும் பொருத்தப்பட்டன. பெரிய இறக்கை என்றால் உள்ளே பெரிய எரிபொருள் தொட்டி. மொத்தத்தில் சுமார் 43,000 லிட்டர் கொள்ளும். இறக்கை நுனியில் மேல்நோக்கி வளைந்த துடுப்புகள் சேர்க்கப்பட்ட பிறகு, அதன் வீச்சு சுமார் 7,250 கி.மீ. ஆனது.

இந்த வாய்ப்பை மிகத் துணிவாகப் பயன்படுத்தியது கான்டினென்டல் நிறுவனம். நியூயார்க்கை அடுத்த நியூவார்க்கிலிருந்து பிரிஸ்டல், பெல்ஃபாஸ்ட், ஹாம்பர்க், பெர்லின், ஸ்டாக்ஹோம், ஆஸ்லோ எனப் பெரிய விமானத்தை நிரப்பப் போதுமான கூட்டம் இல்லாத நகரங்களுக்கு அது 757களை அனுப்பியது. லண்டன் ஹீத்ரோவிலோ ஃபிராங்ஃபர்ட்டிலோ விமானம் மாறி, மணிக்கணக்கில் காத்திருந்து போக வேண்டிய மக்களுக்கு அவர்களுடைய ஊரிலிருந்தே அமெரிக்காவுக்கு நேரடி விமானம் கிடைத்தது. குறுகிய உடல் விமானத்தின் உண்மையான பயன் இதுதான். 300 பேர் தினமும் கிளம்பாத ஊருக்கும் கடல் தாண்டிய நேரடி இணைப்பு சாத்தியம் என்பதை அது காட்டியது.

ஆனால் காற்று தன் வரியை வசூலித்தது. வட அட்லாண்டிக்குக்கு மேலே ஜெட் காற்றோட்டம் மேற்கிலிருந்து கிழக்காக வீசுகிறது. குளிர்காலத்தில் அதன் வேகம் கூடுகிறது. பெர்லினிலிருந்து நியூவார்க் சுமார் 6,400 கி.மீ. வரைபடத்தில் பார்த்தால் 757க்கு எட்டும் தூரம். மணிக்கு 850 கி.மீ. வேகத்தில் பறக்கும் விமானத்தை 100 கி.மீ. வேக எதிர்காற்று தொடர்ந்து தடுத்தால், தரையைப் பொறுத்த வேகம் 750 ஆகக் குறையும். பயணம் எட்டரை மணி நேரம் ஆகும். அந்த எட்டரை மணி நேரத்தில் காற்றினூடே விமானம் கடக்கும் தூரம் சுமார் 7,250 கி.மீ. அதாவது 757இன் முழு வீச்சும் செலவாகிவிடும். அதற்கு மேல் ஒரு சுற்று வளைந்து போக வேண்டி வந்தாலும் கணக்கு உதைக்கும்.

2011 டிசம்பரில் இது கணக்கோடு நிற்கவில்லை. கான்டினென்டலைத் தன்னோடு இணைத்துக்கொண்ட யுனைடெட் நிறுவனத்தின் 757கள் அந்த ஒரே மாதத்தில் ஐரோப்பாவிலிருந்து அமெரிக்கா நோக்கிச் சென்ற சுமார் 1,100 பயணங்களில் 43 முறை எரிபொருளுக்காக வழியில் இறங்கின. முந்தைய ஆண்டின் டிசம்பரில் அந்த எண்ணிக்கை 12 மட்டுமே. காண்டரும் கூஸ் பேயும் மறுபடி பயணிகள் இறங்கிக் காத்திருக்கும் இடங்களாயின. தாண்ட முடியும் என்பதும், எல்லா நாளும் தாண்ட முடியும் என்பதும் ஒன்றல்ல என்பதை அந்தக் குளிர்காலம் தெளிவாக்கியது.

இருக்கையை விற்று எரிபொருளை வாங்குதல்

வீச்சு போதாதபோது நிறுவனங்கள் பிடித்த எளிய வழி, இருக்கைகளைக் குறைப்பது. எரிபொருளுக்கும் எடை உண்டு. நெடுவழி நடப்பவர் கட்டுச்சோற்று மூட்டையைச் சுமக்கவும் சேர்த்து உண்ண வேண்டியிருப்பதுபோல, கடைசி மணி நேரத்துக்கான எரிபொருளைத் தூக்கிச் செல்லவே முதல் மணி நேரங்களில் எரிபொருள் எரிகிறது. பயணிகளின் எடையைக் குறைத்தால் அந்தச் சுழல் தளர்கிறது.

2002இல் லுஃப்தான்சாவுக்காக ஸ்விட்சர்லாந்தின் பிரைவேட்ஏர் நிறுவனம் ட்யூசல்டார்ஃபிலிருந்து நியூவார்க்குக்கு 48 உயர்வகுப்பு இருக்கைகள் மட்டும் கொண்ட சிறு விமானத்தை இயக்கியது. இயோஸ் நிறுவனம் 2005 முதல் 2008 வரை லண்டன் ஸ்டான்ஸ்டெட்டிலிருந்து நியூயார்க்குக்கு 757இல் 48 பேரை மட்டும் ஏற்றிப் பறந்து, பிறகு மூடப்பட்டது.

இந்த வழியின் உச்சம் பிரிட்டிஷ் ஏர்வேஸின் பி.ஏ.001. கான்கார்ட் பறந்தபோது இருந்த அதே எண்ணை 2009 செப்டம்பரில் ஏர்பஸ் ஏ318 பெற்றது. நூறு பேருக்கு மேல் ஏற்றக்கூடிய விமானத்தில் 32 இருக்கைகள் மட்டும். லண்டன் நகர விமான நிலையத்தின் ஓடுபாதை 1,508 மீட்டர்தான். முழு எரிபொருளுடன் அங்கிருந்து எழும்ப இயலாது. எனவே பாதித் தொட்டியோடு கிளம்பி ஷானனில் இறங்கும். எரிபொருள் நிரப்பும் நேரத்தில் பயணிகள் அங்கேயே அமெரிக்கக் குடியேற்றச் சோதனையை முடித்துக்கொள்வார்கள். நியூயார்க்கில் உள்நாட்டுப் பயணிகளைப்போல வரிசையின்றி வெளியேறலாம். திரும்பும் வழியில் பின்காற்று தள்ள, நிற்காமலே லண்டன் வந்துவிடும். கொரோனா பரவிய 2020இல் இந்தச் சேவை முடிந்தது.

ஐஸ்லாந்தேர் வேறொரு விடை கண்டது. கெஃப்ளாவிக்கை மையமாக வைத்து, ஐரோப்பாவிலிருந்து வரும் 757களையும் அமெரிக்காவிலிருந்து வரும் 757களையும் ஒரே நேரத்தில் இறக்கி, பயணிகளை மாற்றி ஏற்றியது. கடலைப் பாதியாகப் பிளந்துவிட்டால் வீச்சு ஒரு பிரச்சினையே அல்ல. கனடாவின் வெஸ்ட்ஜெட் 2014இல் அதைவிடச் சிறிய 737-700ஐ நியூஃபவுண்ட்லாந்தின் செயின்ட் ஜான்ஸிலிருந்து டப்ளினுக்கு அனுப்பியது. அந்தத் தூரம் சுமார் 3,300 கி.மீ. மட்டுமே. புவியியல் துணை நின்றால் மிகச் சிறிய ஜெட்டும் இந்தக் கடலை நிற்காமல் தாண்டும்.

புதிய என்ஜின், புதிய தொட்டி

2010களில் வந்த மாற்றம் என்ஜினில் தொடங்கியது. 1962இல் வந்த 707-320பியின் என்ஜினில், மையத்தின் வழியே எரியும் ஒரு பங்கு காற்றுக்குச் சுமார் 1.4 பங்கு காற்று வெளிப்புறமாகத் தள்ளப்பட்டது. ஏ321ஐ உள்ளடக்கிய ஏ320 நியோ குடும்பத்தின் என்ஜின்களில் அது 11 முதல் 12 பங்கு. நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளும் என்ஜின் குறைந்த எரிபொருளில் அதே உந்துதலைத் தரும். 707-320பியின் எரிபொருள் கொள்ளளவு சுமார் 90,000 லிட்டர். புறப்பாட்டு எடை 151 டன். 2018இல் வந்த ஏ321 எல்.ஆர். சுமார் 33,000 லிட்டரோடு 97 டன்னில் அட்லாண்டிக்கைத் தாண்டுகிறது. 707 இன்னும் தொலைவு பறக்கக்கூடியது என்பதைக் கணக்கில் கொண்டாலும், ஒரே கடலை ஒரே அளவு உடலுடன் தாண்டுவதற்கான விலை எவ்வளவு குறைந்திருக்கிறது என்பது விளங்கும்.

எல்.ஆர். வகை சரக்கறைக்குள் மூன்று கூடுதல் தொட்டிகளை வைத்துச் சுமார் 7,400 கி.மீ. வீச்சைப் பெற்றது. ஏர் லிங்கஸ், போர்ச்சுகலின் டாப், ஏர் டிரான்சாட் ஆகியவை அதைக் கடல் தாண்ட வைத்தன. 2021 ஆகஸ்டில் ஜெட்புளூ 138 இருக்கைகளோடு நியூயார்க்கிலிருந்து லண்டன் ஹீத்ரோவுக்குச் சேவை தொடங்கியது. அதிகபட்சம் 244 பேர் வரை அமரக்கூடிய விமானத்தில் 138 பேர். இருக்கையைக் குறைக்கும் பழைய கணக்கு இங்கும் முற்றாக மறையவில்லை, ஆனால் அது 48க்கோ 32க்கோ இறங்கத் தேவையில்லாமல் போனது.

எக்ஸ்.எல்.ஆர். இன்னொரு படி. தனித்தனித் தொட்டிகளை அடுக்குவதற்குப் பதிலாக, பிரதானச் சக்கரங்களுக்குப் பின்னால் விமான உடலின் வளைவோடு ஒட்டிய 12,900 லிட்டர் தொட்டி ஒன்றை ஏர்பஸ் அமைத்தது. புறப்பாட்டு எடை 101 டன்னாக உயர்ந்தது. அறிவிக்கப்பட்ட வீச்சு 8,700 கி.மீ. இந்தத் தொட்டி எளிதில் ஏற்கப்படவில்லை. பயணிகளின் காலடியில் இவ்வளவு எரிபொருள் இருக்கும்போது, சக்கரம் விரியாமல் வயிற்றால் தரையிறங்கினாலோ கீழே தீப்பற்றினாலோ என்ன ஆகும் என்று ஐரோப்பியப் பாதுகாப்பு முகமை கேட்டது. போட்டியாளரான போயிங்கும் கவலையைப் பதிவுசெய்தது. ஏர்பஸ் அந்தப் பகுதியின் உடலை வலுப்படுத்த வேண்டியிருந்தது. 2022 ஜூனில் முதன்முதலாகப் பறந்த விமானத்துக்கு 2024 ஜூலையில்தான் சான்று கிடைத்தது. பயணிகளின் உயிரைப் பொறுத்த கேள்விகளுக்கு இந்தக் காலம் செலவானது முற்றிலும் நியாயமே.

தடங்கள் ஏன் மூடப்பட்டன

தொழில்நுட்பம் கைகொடுத்தும் வணிகம் கைவிட்ட கதைகள் உண்டு. நார்வீஜியன் நிறுவனம் 2017 ஜூலையில் 737 மேக்ஸ் விமானங்களை எடின்பரோவிலிருந்தும் அயர்லாந்தின் நகரங்களிலிருந்தும் நியூயார்க் மாநிலத்தின் ஸ்டூவர்ட், ரோட் தீவு மாநிலத்தின் பிராவிடன்ஸ் போன்ற சிறு நிலையங்களுக்கு மலிவுக் கட்டணத்தில் விட்டது. 346 உயிர்களைப் பறித்த இரண்டு விபத்துகளுக்குப் பிறகு 2019 மார்ச்சில் மேக்ஸ் விமானங்கள் உலகெங்கும் தரையில் நிறுத்தப்பட்டன. அந்த ஆண்டே அயர்லாந்து, அமெரிக்கத் தடங்களை நார்வீஜியன் கைவிட்டது. பிரைமேரா ஏர் 2018 ஏப்ரலில் ஸ்டான்ஸ்டெட்டிலிருந்து நியூவார்க்குக்கு ஏ321 நியோவை இயக்கத் தொடங்கியது. புதிய விமானங்கள் தாமதமாக வந்ததால் வாடகை விமானங்களுக்குச் செலவழித்து, அக்டோபரில் திவாலானது.

757 தடங்களும் நிலைக்கவில்லை. பிரிஸ்டலின் நியூவார்க் சேவை 2010இல் நின்றது. பெல்ஃபாஸ்டின் சேவை 2017 ஜனவரியில் நின்றது. மெல்லிய தடத்தில் ஒரு நாளைக்கு ஒரு விமானம்தான். எரிபொருள் விலை ஏறினாலும், விமானம் ஒன்று வராவிட்டாலும் தாங்க வேறு இருப்பு இல்லை. பெரிய நகரம் ஒரு சேவையை இழந்தால் இன்னும் பத்து இருக்கும். பெல்ஃபாஸ்ட் இழந்தது வட அயர்லாந்தின் ஒரே அமெரிக்க இணைப்பை.

எஞ்சும் எல்லை

இந்த வரலாற்றிலிருந்து மூன்று முடிவுகளைப் பெற முடிகிறது. முதலாவது, ஒற்றை இடைவழி விமானம் அட்லாண்டிக்கை நிற்காமல் தாண்டுவது 1950களின் பிற்பகுதியிலேயே நிறுவப்பட்ட உண்மை; எக்ஸ்.எல்.ஆர். தந்திருப்பது, இரண்டு என்ஜினில், கணிசமான பயணிகளோடு, குளிர்கால எதிர்காற்றிலும் அதைச் செய்வதற்கான இடைவெளி. பெர்லின், நியூவார்க் கணக்கில் 757 எல்லையைத் தொட்ட இடத்தில், அறிவிக்கப்பட்ட வீச்சின்படி எக்ஸ்.எல்.ஆருக்குச் சுமார் 1,450 கி.மீ. மிச்சம் இருக்கிறது. இரண்டாவது, தடையை நீக்கியதில் என்ஜினுக்கு இணையாக 1985இன் விதிமாற்றத்துக்கும் பங்குண்டு. மூன்றாவது, வீச்சு கிடைத்துவிட்டதாலேயே தடம் நிலைத்துவிடாது.

அடுத்த எல்லை இறக்கையில் இருக்கிறது. ஏ321இன் இறக்கை அகலம் 35.8 மீட்டர். குறுகிய உடல் விமானங்களுக்கான வாயில்கள் 36 மீட்டருக்குள் அடங்கும் விமானங்களுக்காகவே கட்டப்பட்டவை. 757இன் 38 மீட்டர் இறக்கை அந்த வரம்பைத் தாண்டிவிடுகிறது. எக்ஸ்.எல்.ஆர். 1980களில் வகுக்கப்பட்ட அதே இறக்கை வடிவத்தின் மேல் 101 டன்னைச் சுமக்கிறது. இதற்கு மேல் எடையேற்ற நீளமான இறக்கை வேண்டும். வாயிலுக்குள் நுழையும்போது நுனி மடியும் இறக்கையை ஏர்பஸ் தன் ஆய்வுத் திட்டத்தில் பரிசோதித்துவருகிறது. போயிங் 777 எக்ஸ் விமானத்தில் அத்தகைய மடிப்பு நுனி ஏற்கெனவே பறந்து காட்டப்பட்டிருக்கிறது. சிறிய விமானங்களின் அடுத்த தலைமுறையில் அது இடம்பெறுமா என்பதைப் பொறுத்தே, மத்திய ஐரோப்பாவின் நடுத்தர நகரங்களுக்கும் அமெரிக்காவின் மேற்குக் கரைக்கும் இடையே ஒற்றை இடைவழி விமானங்கள் நேரடியாகப் பறக்குமா என்பது தீர்மானமாகும்.